கடல் தெய்வத்துக்குக் கொடுத்தவை

ஜப்பானில் மூன்று சகோதரிகளைக் கடல் தெய்வங்களாக வணங்கும் கோயில் இருக்கிறது, அவர்களுடைய ஒகினோஷிமா தீவில் யாரும் பார்க்கக் கூடாத புனிதப் புதையல் ஒன்று இருக்கிறது என்று படித்திருக்கிறீர்கள். ஆனால் அதே தீவில் கிடைத்த தங்க மோதிரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்ததாக உங்கள் நண்பர் சொல்கிறார். இதில் எதை நம்புவது என்பது உங்கள் கேள்வி. அந்தத் தீவில் பெண்கள் கால் வைக்கக் கூடாது என்பது நிஜமா, சகோதரிகளில் ஒருத்தி நம் சரஸ்வதிதானா என்று கூடவே இரண்டு கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் படித்ததிலும் உண்மை இருக்கிறது, நண்பர் பார்த்ததும் உண்மைதான். இரண்டும் வேறு வேறு பொருள்கள். தமிழில் இரண்டையும் 'புனிதப் பொக்கிஷம்' என்று ஒரே சொல்லால் எழுதிவிடுவதால் வந்த குழப்பம் இது. உண்மையில் நீங்கள் கேட்பது, ஜப்பானின் மரபு மதமான ஷிந்தோவின் கோயில் ஒன்றில் தெய்வம் எது, தெய்வத்தின் உடைமை எது என்பதைத்தான்.

நான் ஃபுகுஓகாவில் தொல்லியல் படித்தவள். அதன்பின் பல ஆண்டுகள் அகழாய்வு அறிக்கைகளையும் கண்காட்சிக் குறிப்புகளையும் மொழிபெயர்ப்பதே என் வேலை. ஷிந்தோ மரபில் பிறந்தவள் அல்லள். பெண் என்பதால் அந்தத் தீவில் இறங்கியதும் இல்லை. தீவிலிருந்து வெளியே வந்த பொருள்களையும் அவற்றை எடுத்தவர்கள் எழுதிவைத்ததையும் கொண்டே நான் பேச முடியும். கோயிலுக்குள்ளிருந்து பேசுபவர் ஒருவர் இதையே வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

முதலில் இடம். கியூஷூ தீவின் வடகரையில், ஃபுகுஓகா மாகாணத்தில், முனகாத்தா என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள கோயிலின் பெயர் முனகாத்தா தைஷா. பெயர் ஒன்று, சன்னிதி மூன்று. மூன்றும் ஒரே வளாகத்தில் இல்லை. ஹெத்ஸு-மியா கரையிலேயே இருக்கிறது. நகாத்ஸு-மியா கரையிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி ஓஷிமா என்ற தீவில். ஒகித்ஸு-மியா அங்கிருந்து இன்னும் ஏறக்குறைய 49 கிலோமீட்டர் கடலுக்குள், ஒகினோஷிமாவில். சுற்றளவு நான்கு கிலோமீட்டர் மட்டுமே உள்ள தீவு அது. கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கும் மலை, உச்சி 240 மீட்டருக்குச் சற்று மேல். கரை, நடு, ஆழ்கடல் என்று மூன்று சன்னிதிகளும் ஒரே திசையில் போகின்றன. அந்தத் திசையிலேயே போனால் கொரியத் தீபகற்பம். ஒகினோஷிமா ஏன் புனிதமானது என்பதற்கு வரைபடமே பாதி பதில் சொல்லிவிடும். கெங்காய் கடலைக் கடக்கும் படகோட்டிக்குச் சுற்றிலும் தண்ணீரைத் தவிர எதுவும் தெரியாத இடத்தில் அது ஒன்றுதான் தெரியும்.

அங்கே இருக்கும் சகோதரிகள் தகோரிஹிமே, தகித்ஸுஹிமே, இச்சிகிஷிமாஹிமே. ஜப்பானின் பழைய புராண வரலாற்று நூல்களான, 712-ல் தொகுக்கப்பட்ட கொஜிகியும் 720-ல் முடிந்த நிஹொன் ஷோகியும் இவர்கள் பிறந்த கதையைச் சொல்கின்றன. சூரிய தேவி அமதெராசுவுக்கும் அவள் தம்பி சுசானோவுக்கும் பிணக்கு. தன் மனதில் கள்ளம் இல்லை என்று காட்டத் தம்பி சத்தியத்துக்கு இசைகிறான். அவனுடைய வாளை அமதெராசு வாங்கி மூன்றாக ஒடித்து, வானுலகக் கிணற்று நீரில் அலசி, மென்று ஊதுகிறாள். அந்த மூச்சின் பனியிலிருந்து மூன்று பெண்கள் பிறக்கிறார்கள். வாளிலிருந்து பிறந்த அவர்களிடம் அமதெராசு, கடல்வழியின் நடுவே இறங்கி இருங்கள், என் வழித்தோன்றல்களுக்குத் துணை செய்யுங்கள், அவர்கள் உங்களை வழிபடட்டும் என்ற பொருளில் ஆணையிடுகிறாள். இந்த ஆணையில் எனக்கு முக்கியமாகப் படுவது 'வழி' என்ற சொல். நிஹொன் ஷோகி இவர்களுக்குக் கொடுக்கும் பட்டங்களில் ஒன்றின் பொருளே வழிக்கு உரியவர்கள் என்பதுதான். நாம் சுருக்கமாகக் கடல் தெய்வம் என்கிறோம். கடல்வழித் தெய்வம் என்பது இன்னும் சரியாக இருக்கும்.

எந்தச் சகோதரி எந்தத் தீவில் இருக்கிறாள் என்பதில் பழைய நூல்களே ஒத்துப்போவதில்லை. கொஜிகி இச்சிகிஷிமாஹிமேயை நடுச் சன்னிதியில் வைக்கிறது. இன்றைய கோயில் அவளைக் கரைச் சன்னிதியில் வைத்து வணங்குகிறது. நிஹொன் ஷோகி ஒரே நூலுக்குள் பல பாடங்களை அடுத்தடுத்துத் தருகிறது, அவற்றில் வரிசை மாறுகிறது. மூவரை ஒன்றாகச் சேர்த்து வணங்கியதில் ஐயமில்லை. தனித்தனிப் பெயர்களைத் தனித்தனி இடங்களோடு பொருத்துவதில்தான் ஆதியிலிருந்தே தளர்வு இருக்கிறது. இணையத்தில் இரண்டு கட்டுரைகள் முரண்பட்டால் எழுதியவர் பிழை என்று நினைத்துவிட வேண்டாம்.

இனி பொக்கிஷத்துக்கு வருகிறேன். ஷிந்தோவில் கோஷிந்தாய் என்று ஒன்று உண்டு. தெய்வம் வந்து தங்கும் பொருள் அது. பெரும்பாலும் முகம் பார்க்கும் கண்ணாடி, வாள் அல்லது மணிக்கல். சில கோயில்களில் ஒரு மலையோ பாறையோ தீவோகூட. பொருளாக இருந்தால் அது பல அடுக்குத் துணியிலும் பெட்டியிலும் பொதிந்து கருவறையின் உள்ளே இருக்கும். வழிபடுபவர் அதைப் பார்ப்பதில்லை. நம் கோயிலில் மூலவரைக் கண்ணால் காண்பதே தரிசனம் என்று பழகிய நமக்கு இது புரியச் சற்று நேரமாகும். அங்கே திரை விலகுவதற்காக யாரும் காத்திருப்பதில்லை. மறைந்திருப்பதே அதன் இயல்பு. நீங்கள் படித்த 'யாரும் பார்க்கக் கூடாத' பொருள் இந்த வகை.

ஷின்போ என்பது வேறு. அது தெய்வத்தின் பயன்பாட்டுக்கென்று செய்து கொடுக்கும் பொருள்: உடை, வில், வாள், கண்ணாடி, தறி, நரம்பிசைக் கருவி, குதிரைக்குச் சேணம். தெய்வம் அதில் தங்குவதில்லை, தெய்வம் அதை வைத்துக்கொள்கிறது. உங்கள் நண்பர் கண்ணாடிப் பெட்டியில் பார்த்த மோதிரம் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தது. ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வரும்போது இது புதையல் ஆகிவிடுகிறது. புதையல் என்றால் யாரோ பின்னால் வந்து எடுப்பதற்காக மறைத்து வைத்தது. ஒகினோஷிமாவில் கிடைத்தவற்றை அப்படி யாரும் மறைக்கவில்லை. கொண்டுவந்தவர்கள் தெய்வத்தின் முன் வைத்தார்கள், வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுப் படகேறினார்கள். நம்மிடம் இதற்குப் படையல் என்ற நல்ல சொல் இருக்கிறது.

அந்தப் படையலின் அளவைக் கேட்டால் நம்ப முடியாது. 1954 முதல் 1971 வரை மூன்று கட்டமாக நடந்த ஆய்வில் தீவின் பெரும்பாறைகளைச் சுற்றி 23 வழிபாட்டிடங்கள் கண்டறியப்பட்டன. அங்கிருந்து வந்த ஏறக்குறைய 80,000 பொருள்கள் இன்று ஜப்பானின் தேசியச் செல்வங்கள். நாலாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி ஒன்பதாம் நூற்றாண்டு வரை, சுமார் 500 ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக ஆட்கள் அந்தக் கடலைக் கடந்து அதே பாறைகளுக்கு வந்திருக்கிறார்கள். கல்வெட்டு ஒன்றும் இல்லை, எங்கும் பெயர் பொறிக்கவில்லை. ஆனால் வழிபட்ட முறை எப்படி மெல்ல மெல்ல மாறியது என்பது மண்ணில் அப்படியே தெரிகிறது. தொல்லியல் படித்தவளாக, இப்படி ஓர் இடம் கிடைப்பது எவ்வளவு அரிது என்று எனக்குத் தெரியும்.

முதலில் பாறையின் மேல். பெரும்பாறைகளின் உச்சியில், கற்களுக்கு இடையில், கண்ணாடிகளையும் வாள்களையும் வளைந்த மணிகளையும் வைத்தார்கள். பதினேழாம் எண் இடத்தில் மட்டும் 21 வெண்கலக் கண்ணாடிகள். அந்தக் காலத்துப் பெருந்தலைவர்களின் கல்லறைக்குள் வைத்த பொருள்களும் இவையும் ஏறக்குறைய ஒன்றே. இறந்த தலைவனுக்கு உரிய மரியாதையும் தெய்வத்துக்கு உரிய மரியாதையும் அப்போது இரண்டாகப் பிரிந்திருக்கவில்லை என்று இதிலிருந்து ஊகிக்கிறார்கள். நியாயமான ஊகம் என்றே நினைக்கிறேன்.

ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாறை உச்சியை விட்டு, சாய்ந்து நிற்கும் பாறையின் நிழலுக்கு வருகிறார்கள். வெளிநாட்டுப் பொருள்கள் குவிந்து கிடப்பது இங்கேதான். ஏழாம் எண் இடத்தில் கிடைத்ததுதான் உங்கள் நண்பர் பார்த்த தங்க மோதிரம். நடுவில் பூ வடிவம், இருபுறமும் நுண்ணிய வேலைப்பாடு. கொரியத் தீபகற்பத்தின் சில்லா அரசக் கல்லறைகளில் கிடைத்த மோதிரங்களோடு ஒப்பிட்டு அங்கிருந்து வந்தது என்கிறார்கள். அதே இடத்தில் பொன்முலாம் பூசிய குதிரை அணிகலன்கள். குதிரை ஓட இடமே இல்லாத தீவில் குதிரை அணி எதற்கு என்று மாணவியாக இருந்தபோது கேட்டேன். தெய்வம் எங்கே ஏறிப்போகும் என்று நாம் கணக்கிட வேண்டியதில்லை, கொடுப்பவர்களிடம் இருந்ததிலேயே உயர்ந்தது அது என்று ஆசிரியர் சொன்னார். எட்டாம் எண் இடத்தில் இரண்டு சிறு கண்ணாடித் துண்டுகள். வட்ட வட்டமாக மேடெழச் செதுக்கிய கிண்ணத்தின் சில்லுகள். அந்தக் கிண்ணம் செய்யப்பட்டது சாசானியப் பேரரசில், அதாவது இன்றைய ஈரான் பக்கம். அங்கிருந்து ஆசியா முழுவதையும் கடந்து, கடைசியில் ஒரு படகில் ஏறி, ஆளில்லாத தீவின் பாறை நிழலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கண்காட்சியில் எல்லாரும் மோதிரத்தின் முன் கூடி நிற்பார்கள். நான் இந்தச் சில்லுகளின் முன்தான் நிற்பேன்.

ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழிபாடு பாதி பாறை நிழலிலும் பாதி வெட்டவெளியிலுமாக நடக்கிறது. ஐந்தாம் எண் இடத்தில் பொன்முலாம் பூசிய வெண்கல நாகத் தலைகள் ஒரு இணை கிடைத்தன. சீனத்துக் கிழக்கு வெய் காலத்தவை என்று கருதப்படுபவை. குடை போன்ற ஒன்றின் கம்பு முனையில் பொருத்தி, வாயிலிருந்து எதையோ தொங்கவிட்டிருக்க வேண்டும். சீனத்தின் தாங் காலத்து மூவண்ண மட்கலத்தின் துண்டுகளும் அங்கேயே. இவற்றோடு ஒரு புது வகையும் தொடங்குகிறது. தெய்வத்துக்கென்றே சிறிய அளவில் செய்த தறி, நூற்புக் கருவிகள், ஐந்து நரம்புக் கோட்டோ. எல்லாம் உலோகத்தில், பொன்முலாம் பூசி. மனிதர் பயன்படுத்திய பொருளைக் கொடுத்தது போய், மனிதர் பயன்படுத்தவே முடியாத பொருளைச் செய்து கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஷின்போ என்ற கருத்து உருவாவதை நேரடியாகக் காட்டும் இடம் இது என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், நானும் அப்படியே நம்புகிறேன். காரணம், இதே வகைத் தறியும் நூற்புக் கருவிகளும் இசைக்கருவியும் அமதெராசுவை வணங்கும் இசே பெருங்கோயிலின் ஷின்போ பட்டியலிலும் இருக்கின்றன. இசேயில் 20 ஆண்டுக்கு ஒரு முறை கோயிலைப் புதிதாகக் கட்டும்போது 714 வகையில் 1,576 உடைகளையும் பொருள்களையும் புதிதாகச் செய்து வைப்பார்கள். கடைசியாக 2013-ல் செய்தார்கள். ஒகினோஷிமாவில் ஏழாம் நூற்றாண்டு மண்ணில் கிடப்பதும் இசேயில் இன்றும் கைவினைஞர் செய்வதும் ஒரே குடும்பம்.

எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டில் வழிபாடு முழுக்க வெட்டவெளிக்கு வந்துவிடுகிறது. இப்போது பொன் இல்லை. மாவுக்கல்லில் செதுக்கிய மனித உருவம், குதிரை, படகு, ஏராளமான மட்கலம். ஒன்றாம் எண் இடத்தில் 818-ல் முதன்முதலாக வார்த்த காசு ஒன்று கிடைத்தது, அதனால் இந்தக் கட்டத்தின் காலம் தெளிவாகத் தெரிகிறது. அரசவை 894-ல் தாங் நாட்டுக்குத் தூதர்களை அனுப்புவதை நிறுத்திய காலத்தை ஒட்டித் தீவின் பெருவழிபாடும் அடங்கிப்போகிறது.

எனக்கு மிக உறுதியாகத் தெரிந்த ஒன்றும், உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்றும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இவ்வளவு விலையுயர்ந்த பொருளை உள்ளூர் மீனவர்கள் தாங்களாகக் கொண்டுவந்திருக்க முடியாது. அன்று ஜப்பானை ஆண்ட யமாத்தோ அரசவை பின்னால் நின்றது, கடலைத் தெரிந்த முனகாத்தா குலத்தார் முன்னால் நின்று நடத்தினார்கள். அந்தக் குலத்தாரின் 41 மண்மேட்டுக் கல்லறைகள் கடலைப் பார்த்தபடி ஷின்பாரு-நுயாமாவில் இருக்கின்றன. குலத்துப் பெண் ஒருத்தி பேரரசர் தென்முவின் துணைவியாகி இளவரசர் தகேச்சியைப் பெற்றாள். இவ்வளவும் உறுதி. ஆனால் நாலாம் நூற்றாண்டில் முதல் கண்ணாடியைப் பாறையில் வைத்தவர் 'தகோரிஹிமே' என்ற பெயரைச் சொல்லித்தான் வைத்தாரா? மூன்று சகோதரிகளின் கதை எழுத்தில் வருவது அதற்கு 300 ஆண்டுகளுக்கு மேல் கழித்து. முதலில் தீவே தெய்வமாக இருந்திருக்கலாம், பெண்ணுருவும் பெயரும் பிற்பாடு வந்திருக்கலாம். எட்டாம் நூற்றாண்டுக்கு வந்தால் ஐயம் குறைகிறது. ஒகினோஷிமாவில் கிடைத்த அதே மாவுக்கல் உருவங்கள் ஓஷிமாவின் மலை உச்சியிலும் கரையிலுள்ள ஹெத்ஸு-மியா வளாகத்திலும் கிடைத்துள்ளன. மூன்று இடத்திலும் ஒரே முறையில் வழிபட்டார்கள் என்பதற்குக் கையில் எடுத்துக் காட்டக்கூடிய சான்று இது. தறியும் நூற்புக் கருவியும் வருவதால் அப்போது தெய்வத்தைப் பெண்ணாக நினைத்துவிட்டார்கள் என்றும் சிலர் சொல்வார்கள். பிடித்தமான வாதம்தான். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுகட்டுவதற்கு நான் தயங்குவேன்.

அப்படியானால் தெய்வத்துக்குக் கொடுத்ததை ஏன் தோண்டி எடுத்தார்கள் என்று உங்களுக்குத் தோன்றும், தோன்ற வேண்டும். அந்தத் தீவின் கட்டளைகள் கடுமையானவை. ஒரு புல், ஒரு குச்சி, ஒரு கல்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. தீவில் கண்டதையும் கேட்டதையும் வெளியே வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அதனாலேயே தீவுக்கு 'ஒயிவாஸு-சமா', சொல்லக் கூடாதவர் என்று பெயர். ஃபுகுஓகாவை ஆண்ட குரோதா நகமாசா பதினேழாம் நூற்றாண்டில் அங்கிருந்த பொன் தறியை எடுத்துவரச் செய்தார், கெட்டவை தொடர்ந்ததால் திருப்பி அனுப்பினார் என்று ஒரு கதை வழங்குகிறது. நடந்ததா என்பது வேறு கேள்வி. அந்தக் கதையை நம்பிய ஊர் அது. எண்ணெய் நிறுவனத்தை உருவாக்கிய இதெமித்ஸு சஸோ முனகாத்தாவில் பிறந்தவர். சிதைந்துபோயிருந்த கோயிலை மீட்க அவர் முன்னின்று 1942-ல் ஒரு சங்கம் அமைத்தார். கோயிலின் வரலாற்றை எழுத வேண்டும் என்று அந்தச் சங்கம் தொடங்கிய வேலைதான் ஆய்வாக வளர்ந்தது. ஆய்வாளர்களும் கடலில் முழுகித்தான் தீவில் ஏறினார்கள். எடுத்தவை எந்த நகர அருங்காட்சியகத்துக்கும் போகவில்லை. கரையில் ஹெத்ஸு-மியா வளாகத்திலேயே ஷின்போகான் என்ற காப்பகத்தில் இருக்கின்றன. தெய்வத்தின் உடைமை ஒரு சன்னிதியிலிருந்து இன்னொரு சன்னிதிக்கு வந்திருக்கிறது என்று கோயிலார் அதைக் கொள்ளலாம். தீவில் இன்னும் தொடாமல் விட்ட மண் நிறைய உண்டு. அதை அப்படியே விட்டதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். எடுத்தவரை போதும்.

பெண்களுக்குத் தடை என்பது நிஜம். ஒகினோஷிமாவில் ஆண்டின் எந்த நாளிலும் பெண்கள் இறங்க அனுமதி இல்லை. ஆண்களிலும் கோயில் பூசகர் மட்டும் பத்து நாளுக்கு ஒருவராக முறைவைத்துத் தங்குகிறார். தீவில் இறங்கும் யாரானாலும் உடையைக் களைந்து கடலில் முழுகும் மிசோகி செய்தே ஆக வேண்டும். 1905-ல் அந்தக் கடற்பகுதியில் நடந்த ஜப்பான்-ரஷ்யக் கடற்போரில் இறந்தவர்களுக்காக ஆண்டுதோறும் மே 27-ல் நடக்கும் சடங்குக்கு முன்பெல்லாம் சுமார் 200 ஆண்களை அனுமதிப்பார்கள். 2017 ஜூலையில் தீவும் அதைச் சார்ந்த இடங்களும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. அடுத்த ஆண்டிலிருந்து பொது ஆண்களுக்கும் கதவு மூடியது. ஆகவே இன்று கோயில் பணிக்குரியவர்கள் தவிர யாருமே போக முடியாது. தடைக்குக் காரணம் கேட்டால் ஒருவர் இரத்தத் தீட்டு என்பார், ஒருவர் குடும்பத்துப் பெண்களை ஆபத்தான கடலிலிருந்து காக்க என்பார், ஒருவர் பெண் தெய்வத்தின் பொறாமை என்பார். கொஜிகியிலும் நிஹொன் ஷோகியிலும் இந்தத் தடை இல்லை. மூவரும் பெண் தெய்வங்களாக இருக்கும் இடத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்பது என்னை வருத்தியிருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. யாரும் போகாமல் ஒரு தீவு தனித்திருப்பதை நான் மதிக்கிறேன். பிற்காலத்தில் படிந்த ஒரு வழக்கத்தை ஆதிமுதல் இருந்தது என்று சான்றில்லாமல் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

சரஸ்வதி கேள்விக்குப் பதில் சொல்ல இன்னொரு கோயிலுக்குப் போக வேண்டும். இதே மூன்று சகோதரிகள் ஹிரோஷிமாவுக்கு அருகே மியாஜிமா தீவிலுள்ள இத்ஸுகுஷிமா கோயிலிலும் இருக்கிறார்கள். கடலுக்குள் நிற்கும் சிவப்பு வாயில் படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கோயில் 593-ல் தோன்றியது என்பது மரபு. இன்று காணும் அமைப்பு 1168 அளவில் தைரா என்ற போர்க்குலத்தின் தலைவர் தைரா நோ கியோமோரி எழுப்பியதன் வழிவந்தது என்பது வரலாறு. தீவே தெய்வம் என்பதால் நிலத்தை வெட்டாமல் ஓதம் ஏறி இறங்கும் மணற்பரப்பில் தூண் நட்டுக் கட்டினார்கள். நடைபாதைப் பலகைகளுக்கு இடையில் சந்து விட்டிருப்பார்கள், பொங்கும் நீர் அதன் வழியே ஏறி அடங்கும். இப்போதுள்ள வாயில் 1875-ல் கற்பூர மரத்தில் செய்தது, உயரம் சுமார் 16.6 மீட்டர், எடை ஏறக்குறைய 60 டன். அது மண்ணில் புதைந்து நிற்கவில்லை, தன் எடையிலேயே நிற்கிறது. மேல் உத்தரப் பெட்டிக்குள் கற்களை நிரப்பியிருக்கிறார்கள். நீர் வற்றும் நேரத்தில் நடந்து போகிறவர்கள் மரத்தின் வெடிப்புகளில் காசு செருகிவிட்டு வருவார்கள். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்ய வேண்டாம், மரம் பிளக்கிறது.

இந்தக் கோயிலின் பெரும்பொக்கிஷம் பொன்னோ வாளோ இல்லை, ஏடு. 1164-ல் கியோமோரியும் அவர் குலத்தாரும் புத்த மதத்தின் தாமரைச் சூத்திரத்தையும் துணைச் சூத்திரங்களையும் படியெடுத்துக் காணிக்கையாகக் கொடுத்த 33 சுருள்கள். பொற்பொடியும் வெள்ளித் தகடும் தூவிய தாள், ஒவ்வொரு சுருளின் தலைப்பிலும் ஓவியம். அதில் ஒரு சுருளில் கடலரசனின் மகளான நாக கன்னி எழுந்து வந்து புத்தருக்கு ஒரு மணியைக் கொடுக்கும் காட்சி இருக்கிறது. கடல் பெண் தெய்வத்துக்குக் கொடுத்த நூலில் கடல் பெண் ஒருத்தி கொடுக்கும் காட்சி! இத்ஸுகுஷிமா தெய்வமே அந்தக் கடலரசனின் மகள்தான் என்று அக்காலத்தில் நம்பியவர்கள் இருந்தார்கள். ஷிந்தோ தெய்வத்துக்குப் புத்த நூல் எப்படி என்று கேட்க வேண்டாம். அன்று அவை இரண்டு மதங்களாகப் பிரிந்திருக்கவில்லை. இருபத்தோரு ஆண்டு கழித்து, 1185-ல், தான்-நோ-ஊரா கடற்போரில் தைரா குலம் அழிந்தது. கியோமோரியின் மனைவி, பேரனான குழந்தைப் பேரரசர் அந்தோகுவை அணைத்துக்கொண்டு கடலில் குதித்தாள். அரசுரிமையின் மூன்று சின்னங்களில் ஒன்றான வாளும் கடலோடு போனது. அந்தச் சுருள்களைப் பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

புத்த மதத்தோடு சீனம் வழியாக ஜப்பானுக்கு வந்தவள்தான் பென்ஸைதென். பொன்னொளிச் சூத்திரத்தில் வரும் சரஸ்வதி தேவி அவள். பெயருக்குப் பொருள் பேச்சுவன்மை அருளுபவள். எட்டாம் நூற்றாண்டில் அன்றைய தலைநகர் நாராவில் எட்டுக் கைகளில் ஆயுதமேந்தி நின்றாள். பிற்பாடு பிவா என்ற நரம்பிசைக் கருவியை மடியில் வைத்து அமர்ந்தாள். ஆற்றுத் தெய்வமாகப் பிறந்தவளுக்குத் தண்ணீர்த் தொடர்பு விட்டுப்போகவில்லை. தீவுகளிலும் ஏரிக்கரைகளிலும் குடியேறினாள். அங்கே ஏற்கெனவே இருந்த இச்சிகிஷிமாஹிமேயும் இவளும் ஒருத்தியே என்று இடைக்காலத்தில் கொண்டார்கள். 1868-ல் மெய்ஜி அரசு ஷிந்தோவையும் புத்த மதத்தையும் ஆணையிட்டுப் பிரித்தபோது இத்ஸுகுஷிமாவிலிருந்த பென்ஸைதென் பக்கத்திலுள்ள தைகான்ஜி புத்த ஆலயத்துக்குப் போனாள். ஆகவே பென்ஸைதென் சரஸ்வதியா என்றால் ஆம், அதில் ஐயம் வேண்டாம். இச்சிகிஷிமாஹிமே சரஸ்வதியா என்றால், பிறப்பால் இல்லை. பல நூறு ஆண்டு அவளாகவே வணங்கப்பட்டிருக்கிறாள். இந்தியாவிலிருந்து நேராகப் போய் ஜப்பானியக் கடல் தெய்வமானாள் என்று பரவும் செய்திகளை நம்பாதீர்கள்.

கடலின் ஏற்றத்தையும் வற்றத்தையும் ஆட்டிவைக்கும் இரண்டு மணிகளைப் பற்றியும் நீங்கள் எங்காவது படித்திருக்கலாம். அவை இந்தச் சகோதரிகளுடையவை அல்ல. கடலரசன் தன் மகள் தொயோதமாஹிமேயை மணந்த மருமகனுக்குக் கொடுத்ததாகக் கொஜிகி சொல்லும் மணிகள் அவை. அந்த இணையரை வணங்கும் கோயில் ஒன்று த்ஸுஷிமா தீவில் இருக்கிறது. அதன் வாயில்கள் வரிசையாகக் கடலுக்குள் இறங்கிப்போகும்.

நேரில் பார்க்க எண்ணம் இருந்தால், முனகாத்தாவுக்கு அக்டோபர் முதல் நாளில் போங்கள். அன்று மியாரே விழா. தீவுகளின் தெய்வங்களைப் படகில் ஏற்றிக் கரையிலுள்ள தங்கையிடம் அழைத்து வருவார்கள். நூற்றுக்கு மேற்பட்ட மீன்பிடிப் படகுகள் கொடிகள் கட்டிக் கூடவே வரும். ஹெத்ஸு-மியாவில் ஷின்போகானைப் பார்த்தபின் பின்பக்கக் குன்றில் ஏறி தகமியாவுக்கும் போய்வாருங்கள். கட்டடமே இல்லாமல் மரங்களுக்கு நடுவே திறந்தவெளியில் வழிபடும் இடம். ஒகினோஷிமாவில் ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று அங்கே நின்றால் ஓரளவு தெரியும். பிறகு கோனோமினாத்தோ துறையில் படகேறினால் அரை மணிக்குள் ஓஷிமா. அதன் வடகரையில் தீவுக்குப் போக முடியாதவர்களுக்காகக் கட்டிய சிறு வழிபாட்டிடம் ஒன்று உண்டு, கடலைப் பார்த்தபடி. வானம் தெளிந்த நாளில் தொடுவானத்தில் ஒகினோஷிமா ஒரு சிறு முக்கோணமாகத் தெரியும். நான் நான்கு முறை போயிருக்கிறேன், ஒரு முறைதான் தெரிந்தது. பக்கத்தில் ஒரு மூதாட்டி தன் பேத்திக்கு விரலால் அதைக் காட்டிக்கொண்டிருந்தார்.